சீதன வீட்டுக் கல்லூரி

காக்கா,

நாளை மறுநாள் ஒரு கூட்டத்துக்கு உடுத்திப் போவதற்காக மகன் வாங்கி வந்த புதுச் சாரனை இன்று காலையில் பிரித்தேன். மடிப்பு விரிந்ததும் கஞ்சி மணம் வந்தது. பசை போட்ட புது நூலின் இலேசாகப் புளித்த மணம். உங்கள் கையிலும் பெனியனிலும் தலையில் கட்டிய துவாயிலும் வருடம் முழுக்க இருந்த மணம். தறிக் கொட்டிலிலிருந்து எழும்பி வந்துவிட்டீர்களோ என்று வாசற்பக்கம் பார்த்துவிட்டேன். பிறகு சாரனை மடித்துக் கதிரையில் வைத்தேன். எழுத வேண்டிய பேச்சை ஒதுக்கிவிட்டு இந்த மடலை எழுதத் தொடங்கினேன்.

கூட்டம் என்னவென்று சொல்கிறேன். நம் ஊருக்கு ஒரு சமுதாயக் கல்லூரி வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோனவர்கள், தொழில் செய்துகொண்டே படிக்க விரும்புகிறவர்கள் எல்லோரும் சேரலாமாம். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கும் போகலாமாம். போன கிழமை இரண்டு இளம் விரிவுரையாளர்கள் அழைப்பிதழோடு வந்தார்கள். "உயர்கல்வியில் சமுதாயக் கல்லூரிகளின் பங்கும் வெற்றியும்" என்று தலைப்புத் தந்து, கால் மணி நேரம் பேசச் சொன்னார்கள்.

"சேர், இது வெளிநாட்டு யோசனை எண்டு ஆக்கள் நினைக்கிறாங்க. ஐம்பதுகள்லயே எங்கட ஊருல இது நடந்திரிக்கி எண்டு நீங்கதான் சொல்லணும்," என்றான் ஒருவன்.

அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஒரு சிறு வரலாறு அச்சிட்டிருந்தார்கள். நிறுவியவர் என்று என் பெயர் இருந்தது. நம்மிடம் படித்துப் பெரிய இடங்களுக்குப் போனவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. கடைசி வரி இது: "இடவசதி அளித்த அன்பர் ஒருவரும் நினைவுகூரத்தக்கவர்."

அந்த அன்பர் நீங்கள், அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிட்ட நெசவுக்காரர். உங்களிடம் இடவசதி ஒன்றும் இருக்கவில்லை, காக்கா. ஒரு வீடு இருந்தது. அதுவும் உங்களுடையதல்ல, உங்கள் மகள் ஹாஜராவுடையது.

நேற்று ஹாஜராவைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் இருந்து வந்தால்தான் எனக்குச் சொல்ல வரும். வாத்தியார்ப் பழக்கம் போகவில்லை.

வந்த இளைஞர்களில் ஒருவன் மலைநாட்டுப் பக்கம். "ஒரு மனிசன் சொந்த மகளுட வீட்டைக் கல்லூரிக்குக் குடுத்தாரா? ஏன் மகளுக்கு முதலே வீடு?" என்று கேட்டான். அவனுக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. இந்தக் கிழக்குக் கரையில் பெண் பிள்ளை பிறந்தால் தகப்பன் அத்திவாரத்துக்குக் கல் சேர்க்கத் தொடங்குவான். பிள்ளை பெரியவளாகுமுன் சுவர் எழும்பிவிட வேண்டும். கலியாணத்தன்று மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவான். இதோ நான் உட்கார்ந்து எழுதும் இந்த வீடும் என் மனைவியின் வீடுதான் என்றேன். அவன் சுவரைச் சுற்றிப் பார்த்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் அப்படி வந்தவன்தானே. வீடில்லாத பெண்ணின் நிலை என்னவென்று தெரியாதவன் இல்லையே.

நம் பள்ளிக்கூடம் அப்போது எஸ்.எஸ்.சி.யோடு முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமென்றால் மட்டக்களப்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய் விடுதியில் தங்க வேண்டும். கரைவலைக்காரனின் பிள்ளைக்கு அது நடக்கிற காரியமா? நல்ல மூளையுள்ள பொடியன்கள் பள்ளிக்கூடத்தை விட்ட மறுநாளே வலையில் நின்றார்கள், தறியில் இருந்தார்கள், வயல் வட்டையில் வரம்பு கட்டினார்கள். நான் அப்போது வேலைக்கு வந்து சில வருடங்களே ஆன இளம் வாத்தியார். உங்கள் தறிக் கொட்டிலுக்கு வந்து இதைப் பற்றியே புலம்பிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அறுந்த இழையை முடிந்துகொண்டே கேட்டீர்கள்.

"எத்தின பேர் இரிக்காங்க மாஸ்டர்?"

"பத்துப் பன்ரண்டு பேர் வருவாங்க காக்கா. படிப்பிக்க நான் இரிக்கன். இருத்தி வெக்கத்தான் இடமில்ல."

"ஹாஜராட வூடு சும்மாதானே கிடக்கு. எலியும் வவ்வாலும் படிக்கிறதுக்கு உங்கட பொடியன்மார் படிக்கட்டும்."

உள்ளே இருந்து உங்கள் மனைவியின் குரல் வந்தது. அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிடும் அந்த மனுஷிக்கு எப்போதும் கதவுக்குப் பின்னால் இருந்துதான் பேச்சு வரும். ஆனால் ஒரு சொல்லும் குறி தப்பாது.

"மாப்பிள வந்து காலெடுத்து வெக்கிற வூட்டுல ஊரே காலெடுத்து வெக்கப் போகுதா? நல்ல வேலை."

"மாப்பிள வாற அண்டைக்கு ஊரை எழும்பிப் போகச் சொல்லுவம்," என்றீர்கள். "அவளுக்கு இப்பதானே பதினாறு."

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் எழும்பி நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னீர்கள். "ஹாஜராட கலியாணம் பேசி முடியிற வரைக்கும் அந்த வூடு கொலீஜ். பேசி முடிஞ்ச அண்டைக்குச் சாவி எண்ட கைக்கு வரணும்." எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். எழுத்தில் ஒன்றும் இல்லை. ஊர் அறியச் சொன்ன சொல், அதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தோம். ஊர் அறியச் சொன்னதுதான் நாம் செய்த பிழை என்று அன்று நம் இருவருக்கும் தெரியவில்லை.

கல்லூரி நடந்த விதத்தை அந்த இளைஞர்களுக்குச் சொன்னபோது அவர்கள் குறிப்பெடுத்தார்கள். இப்போது அதற்கெல்லாம் பெரிய பெயர்கள் இருக்கின்றனவாம். நமக்கு ஒரு பெயரும் தெரியாது. அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடையில், பின்னேரத்தில் வகுப்பு. ஏனென்றால் அந்த நேரத்தில்தான் வலையும் கரையேறியிருக்கும், தறியும் ஓய்ந்திருக்கும். வெள்ளாமை வெட்டும் காலத்தில் வட்டைப் பிள்ளைகளுக்கு விடுமுறை. அவர்கள் திரும்பி வந்ததும் விட்ட பாடத்தைத் திரும்பப் படிப்பிப்போம். அதைக் கேட்டு அலுத்துப்போனவன் எழும்பி அந்தப் பாடத்தைத் தானே படிப்பிக்க வேண்டும். சோதனையில் தேறியவன் ஒரு வருடம் கீழ்வகுப்புக்குப் படிப்பித்துவிட்டுத்தான் ஊரை விட்டுப் போகலாம். அந்தச் சட்டம் நீங்கள் போட்டது. "ஏணியில ஏறினவன் ஏணியைத் தூக்கிக்கிட்டுப் போகக் கூடாது மாஸ்டர்," என்றீர்கள்.

உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது, உங்களுக்குத் தெரியும். சொறிக்கல்முனையிலிருந்து சைக்கிளில் வந்த தங்கராசாவை எடுங்கள். கேத்திர கணிதம் என்றால் அவனுக்குத் தலைவலி. ஒரு நாள் அவனைக் கூட்டிக்கொண்டு அவன் தகப்பனின் வயலுக்கே போய், கோணல் மாணலாகக் கிடந்த கண்டத்தைக் கயிறு பிடித்து முக்கோணம் முக்கோணமாகப் பிரித்துக் காட்டினேன். அதன் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. நில அளவைக் கந்தோரில் வேலை கிடைத்துப் போனான். ஆதம்பாவாவை எடுங்கள். கரைவலையில் கயிறு இழுத்த கை காய்ச்சுப்போய்ப் பேனை பிடிக்கத் தெரியாமல் இருந்தது. ஈரச் சாரனோடு ஓடி வந்து பின்வரிசை வாங்குப் பலகையில் உட்காருவான். பக்கத்தில் இருப்பவன் மூக்கைப் பொத்துவான். ஆனால் ஒரு தடவை சொன்னதை இரண்டாம் தடவை அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்களையும் ஓர் உதாரணமாகச் சொல்ல வேண்டும். இரசாயனப் பாடம் நடக்கும் நாட்களில் நீங்கள் வந்து வாங்கின் ஓரத்தில் இருப்பீர்கள். நாற்பது வயதை நெருங்கிய மனிதர், உங்களிடம் நூல் சுற்றும் பொடியன்களுக்குப் பக்கத்தில். "பச்சைச் சாயம் ஏன் நிண்டு பிடிக்குதில்ல எண்டு கேக்க வந்தன்," என்று முதல் நாள் சொன்னீர்கள். பிறகு கேள்வி மறந்துபோய், பாடத்துக்காகவே வந்தீர்கள்.

வெள்ளிக்கிழமைகளில் கல்லூரி பூட்டியிருக்கும். ராத்தாவும் ஹாஜராவும் வந்து வீட்டைக் கூட்டிக் கழுவுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை நான் மறந்துவிட்ட புத்தகத்தை எடுக்கப் போனபோது அறைக்கதவுக்குப் பின்னால் இருந்து ஹாஜரா கேட்டாள்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். குசினிச் சுவருல ஆணி அடிச்சிக் கரும்பலகை மாட்டியிரிக்கீங்க. நாளைக்கு நான் சுளகு எங்க கொழுவுற?"

"அந்த ஆணியிலயே கொழுவு புள்ள."

"சோக் தூள் அரிசியில விழுமே. சோறு திண்ட மாப்பிள இங்கிலீஷ் கதைக்கத் தொடங்கினா நான் என்ன செய்ற?"

ராத்தா சிரித்துச் சிரித்து இருமினார். நானும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். அந்த வீட்டை அவள் மனதில் எப்போதோ ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சுளகுக்கு ஓர் இடம், பானைக்கு ஓர் இடம், பாய்க்கு ஓர் இடம். முற்றத்தில் அவள் வைத்த மாதுளையைப் பொடியன்கள் பந்தடித்து இரண்டு தடவை முறித்தார்கள். இரண்டு தடவையும் அவளே மண் அணைத்து நிமிர்த்தினாள்.

இரண்டு வருடத்தில் கல்லூரிக்குப் பெயர் வந்துவிட்டது. ஒருவன் ஆசிரிய கலாசாலைக்குப் போனான். இன்னொருவனுக்கு அரசாங்கக் கச்சேரியில் எழுத்து வேலை. சாய்ந்தமருதிலிருந்தும் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். ஊர் முழுக்க அதுதான் கதை. ஆனால் பதினெட்டு முடிந்தும் ஹாஜராவுக்கு ஒரு சம்பந்தமும் வரவில்லை. அவளை விடச் சிறியவர்களுக்கு நடந்தது. பந்தல் போடுவதும், மாப்பிள்ளை அழைப்பதும் ஒவ்வொரு தெரு ஒழுங்கையிலும் நடந்தது. உங்கள் வாசல் கடப்படிக்கு மட்டும் யாரும் வரவில்லை.

காரணம் விளங்க எனக்கு நாளாகவில்லை. அவளைக் கேட்டு வருகிறவன் ஊரின் கல்லூரியை மூடுகிறவன். மருமகனின் படிப்பைக் குழப்பியவன் என்று மாமன் சொல்வான், மகனின் வாயில் மண் போட்டவன் என்று அயலவன் சொல்வான். அந்தப் பழியை ஏற்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. பெண் நல்லவள், குடும்பம் நல்லது, வீடும் ஓட்டு வீடு. என்றாலும் இன்னொரு வருடம் போகட்டுமே என்றார்கள். எல்லோரும் நல்லவர்களாகவே இருந்தார்கள், காக்கா. அதுதான் கொடுமை.

ராத்தா ஒரு நாள் எனக்குத் தேத்தண்ணி அனுப்பிவிட்டு உள்ளே இருந்து சொன்னார்: "ஊருப் புள்ளைகள் எல்லாம் பாஸ் பண்ணி மேல போகுது மாஸ்டர். எண்ட புள்ள மட்டும் அதே வகுப்புல இரிக்கா."

நீங்கள் தறியின் ஓடத்தைக் கையில் எடுத்து நூலைச் சரிபார்த்தீர்கள். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

இனி, உங்களிடம் நான் ஒருநாளும் சொல்லாததைச் சொல்கிறேன்.

ஹாஜராவுக்கு இருபது வயது நடந்தபோது, அக்கரைப்பற்றில் நெல் வியாபாரம் செய்யும் ஒருவர் என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தங்கையின் மகனுக்குப் பெண் பார்க்கிறார். வெளியூர்க்காரர் என்பதால் நம் ஊரின் பழிக்கு அவர் பயப்பட வேண்டியதில்லை. பெண் வீட்டுக்குப் போகுமுன், அந்தக் குடும்பத்தை அறிந்த ஒருவரிடம் விசாரிக்க வேண்டுமல்லவா? மாஸ்டரிடம் கேளுங்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குடையைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் புள்ள எப்பிடி மாஸ்டர்?"

"நல்ல குடும்பம்."

"குடும்பத்தை விசாரிச்சிட்டன். புள்ளையைக் கேக்கிறன்."

சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சைக்கு அப்போது மூன்று மாதம் இருந்தது. ஆதம்பாவா எழுத இருந்தான். நம் கல்லூரியிலிருந்து மட்டுமல்ல, நம் ஊரிலிருந்தே முதலாவதாகப் போகக் கூடியவன். அந்த மூன்று மாதமும் அவனுக்கு வாங்கும் கரும்பலகையும் வேண்டும். வேறு எதுவும் அந்த நேரம் என் மனதில் இல்லை.

"வூடு இப்ப கொலீஜா இரிக்கி," என்றேன்.

"அது தெரியும். கலியாணம் பேசினா விட்டுத் தருவாங்களாம். வேற ஏதும் விசயம் இரிக்கா?"

நான் நிலத்தைப் பார்த்தேன். "நான் என்னத்தச் சொல்ற," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்தார். "விளங்குது மாஸ்டர். பெரிய உதவி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நம் கரையில் பெண் விசாரிக்க வருகிறவரிடம் யாரும் குறை சொல்வதில்லை. ஒரு குமரின் வாழ்க்கையில் மண் போட்ட பாவம் வரும் என்று பயம். குறை இருந்தால் வாயை மூடிக்கொள்வோம். கேட்க வந்தவர் அதை விளங்கிக்கொள்வார். அதனால் குறையே இல்லாத பெண்ணைப் பற்றிக் கேட்டால் வாய் நிறையச் சொல்ல வேண்டும். ஒரு சொல் குறைந்தாலும் அது குறையாகிவிடும். இது எனக்குத் தெரியாததா? என் கலியாணத்துக்கு இதே முறையில்தானே விசாரித்தார்கள்? நான் பொய் சொல்லவில்லை என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய் சொல்லியிருந்தால்கூட யாராவது பிடித்திருப்பார்கள்.

அன்று பின்னேரம் வகுப்புக்கு வந்து, "அக்கரைப்பத்தால ஒரு பெரிய மனிசன் உங்களைத் தேடி வந்தாராமே?" என்று கேட்டீர்கள்.

"ஒரு பொடியனைச் சேர்க்கிற விசயம் காக்கா."

"சேருங்க மாஸ்டர். வாங்குல இடம் காணாட்டி நான் நிண்டு படிக்கிறன்."

சொன்னபடி அன்று சுவரோடு சாய்ந்து நின்றுதான் பாடம் கேட்டீர்கள். நான் கரும்பலகையைப் பார்த்தபடியே படிப்பித்தேன்.

ஆதம்பாவா தேறினான். ஊர் திருவிழாப் போலானது. நீங்கள் ஒரு கிடாய் அறுத்தீர்கள். அவன் வந்து உங்கள் கையைப் பிடித்து முத்தமிட்டான். "இது உங்கட வூடு தந்த படிப்பு வாப்பா," என்றான். தகப்பன் முறையில் வாப்பா என்று அவன் சொன்னது உங்கள் மனதில் விழுந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து, அவன் விடுமுறையில் வந்திருந்தபோது என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். "ஆதம்பாவாவக் கேட்டுப் பாப்பமா மாஸ்டர்? படிப்பு முடிஞ்ச பிறகு செஞ்சாலும் சரி. பேச்சை மட்டும் இப்ப முடிச்சி வெப்பம்."

நானே போகிறேன் என்றேன். கெடுத்ததை நானே சீராக்கிவிடலாம் என்ற ஆசை. கடற்கரையில் அவர்கள் குடிலுக்குப் போனேன். அவன் உம்மா எனக்குப் பாய் விரித்து, வெற்றிலைத் தட்டும் வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் இறுகிவிட்டது.

"கோவிக்காதீங்க மாஸ்டர். எண்ட புள்ள இப்ப சர்வகலாசாலைப் புள்ள. போடியார் ஒருத்தர் கேட்டு அனுப்பியிரிக்காரு. புது வூடு, ஒருத்தரும் பொழங்காத வூடு. நீங்க சொல்றது ஊரே பொழங்கின வூடு. சுவரெல்லாம் ஆணி, நிலமெல்லாம் மை."

"உங்கட மகன் பொழங்கின வூடுதானே உம்மா."

"அதாலதான் சொல்றன். எத்தின ஆணி எண்டு அவனுக்கே தெரியும்." வெற்றிலையை மடித்தபடி இன்னொன்றும் சொன்னார். "அக்கரைப்பத்தாக்களும் விசாரிச்சிப் போட்டு விட்டுட்டுப் போனாங்களாமே. என்ன விசயம் எண்டு உங்களுக்குத் தெரியாமலா இரிக்கும்?"

நான் அன்று பள்ளிக்கூடத்தில் சொல்லாமல் விட்ட சொல், கடற்கரை வரை போய், எனக்கே திரும்பி வந்தது. ஆதம்பாவா வாசலில் பேனை செருகிய சட்டையோடு நின்றான். போகுமுன் கீழ்வகுப்புக்குப் படிப்பிக்க வேண்டியதைப் படிப்பு முடிந்த பின் செய்வதாகச் சொன்னவன், அதற்கும் வரவில்லை. நிலபுலம் உள்ள அந்தப் போடியாரின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனான். அவன் வராததைப் பார்த்து அடுத்தவனும் வரவில்லை. தேறிய ஒவ்வொருவனுக்கும் பெரிய வீடு காத்திருந்தது. நம் கல்லூரி ஊரிலுள்ள மாப்பிள்ளைகளை எல்லாம் உயர்த்திவிட்டு, ஒரே ஒரு வீட்டைத் தாழ்த்திவிட்டது.

செய்தியைக் கொண்டு வந்தபோது நீங்கள் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தீர்கள். கையை நிறுத்தவில்லை.

"ஆணியைக் கழட்டலாம் மாஸ்டர். ஓட்டைக்குச் சுண்ணாம்பு பூசலாம்," என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "மத்ததுக்கு என்னத்தப் பூசுற எண்டுதான் தெரியல்ல," என்றீர்கள்.

மற்றது என்னவென்று நான் கேட்கவில்லை.

ஐம்பதுகள் முடியும்போது ஹாஜராவுக்குக் கலியாணம் நடந்தது. வரிப்பத்தான்சேனையில் மனைவியை இழந்த ஒரு விவசாயி, இரண்டு பிள்ளைகள். நல்ல மனிதர்தான். ஆனால் வயலையும் நோயாளித் தாயையும் விட்டு வர முடியாது, பெண்தான் வர வேண்டும் என்றார். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வரும் ஊரில், சொந்த வீடுள்ள பெண் பாயும் பெட்டியுமாக மாட்டு வண்டியில் ஏறினாள். அதைப் பார்க்க ஒழுங்கையில் நின்றவர்களில் பாதிப்பேர் நம்மிடம் படித்தவர்கள். வண்டி கல்லூரியைத் தாண்டும்போது அவள் திரும்பிப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளே வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று எடுக்காமல் விட்டிருக்கலாம்.

அடுத்த நாள் வந்து, வாசலில் நின்று சாவியைக் கேட்டீர்கள். தந்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினீர்கள். "சொன்ன சொல்லுக்குக் கேட்டன். இனி இந்த வூட்டைக் கேக்க ஆருமில்ல. படிப்பிங்க," என்றீர்கள். அதன் பிறகு இரசாயனப் பாடத்துக்கு நீங்கள் வரவே இல்லை.

கல்லூரி அந்த வீட்டில் இன்னும் பல வருடம் நடந்தது. அழைப்பிதழில் உள்ள பெயர்களில் பாதிக்கு மேல் அந்தப் பிந்திய வருடங்களில் படித்தவர்கள். பள்ளிக்கூடங்களுக்கு மேல்வகுப்புகள் வந்த பிறகுதான் நம் வாங்குகள் காலியாகின. ஆகவே வெற்றிதான். யாரும் மறுக்க முடியாது. டாக்டர் இருக்கிறார், எஞ்சினியர் இருக்கிறார், அதிபர்கள் எத்தனையோ பேர். ஆனால் கரைவலையை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கயிறு இருக்கிறது. ஒரு பக்கத்தார் மீனைப் பார்த்த ஆவலில் விறுவிறு என்று இழுத்தால், மறுபக்கம் நிற்கிறவர்களைக் கயிறு கடலுக்குள் இழுக்கும். நான் என் பக்கத்தை இழுத்தேன். மறுபக்கத்தில் நின்றது ஒரு பெண் என்பதைக் கரைக்கு வந்த மீனைப் பார்த்தபடி மறந்துபோனேன். மறந்தேன் என்பதும் சரியல்ல. தெரிந்துகொண்டுதான் இழுத்தேன்.

நீங்கள் படுக்கையில் இருந்த கடைசி நாட்களில் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வந்தேன். ஒரு நாள் வாயெடுத்தும்விட்டேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "மாஸ்டர், பச்சை ஏன் நிண்டு பிடிக்குதில்ல எண்டு நீங்க கடைசி வரைக்கும் சொல்லித் தரல்ல," என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதோடு நேரம் போய்விட்டது.

நேற்று வரிப்பத்தான்சேனைக்குப் போனேன். ஹாஜரா முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. பேச்சு மட்டும் அதே பேச்சு.

"வாங்க மாஸ்டர். கொலீஜ் இன்னும் முடியல்லியா?"

அழைப்பிதழைக் கொடுத்தேன். பின்பக்கத்தை வாசித்தாள். "அன்பர் ஒருவர்," என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். நான் அக்கரைப்பற்றுக்காரர் வந்த கதையை முழுவதும் சொன்னேன். அவள் சுளகை நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றாள்.

"எப்ப இருந்து புள்ள?"

"அண்டையில இருந்து. அந்த மனிசன் திரும்பிப் போகக்குள்ள எங்கட கடப்படியில நிண்டு தண்ணி கேட்டாரு. நான்தான் வேலிக்கு இஞ்சால நிண்டு குடுத்தன். குடிச்சிட்டு, 'மாஸ்டர் ஏன், மகள், உன்னைப் பத்தி ஒண்டும் சொல்றாரில்ல?' எண்டு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ற," என்றாள்.

வாப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா அவருக்கு நீங்களும் இல்லாமப் போயிருப்பீங்க. தறிக்குள்ள இருந்த மனிசன். கதைக்க வேற ஆரு இருந்தாங்க அவருக்கு?"

மாப்புச் செய் என்று கேட்டேன். அவள் இன்னொரு பிடி நெல்லைச் சுளகில் அள்ளிப் போட்டாள். நான் எழும்பும்போது அழைப்பிதழைத் திருப்பித் தந்தாள்.

"நான் வரல்ல. மேடையில வாப்பாட பேரச் சொல்லுங்க. எண்ட பேரச் சொல்ல வேணாம். என்ன கதை, ஏது கதை எண்டு கிளறுவாங்க. எண்ட மகள்ட மகளுக்கு இப்ப மாப்பிள பேசிக்கிட்டு இரிக்கி. மாப்பிள வூட்டாக்கள் உங்கட ஒழுங்கை. உங்கட்டத்தான் விசாரிக்க வருவாங்க." சுளகை மடியில் வைத்துவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "அப்பயாவது வாயத் திறந்து கதையுங்க மாஸ்டர்."

பேச்சு இன்னும் எழுதவில்லை, காக்கா. உங்கள் பெயரைச் சொல்வேன். யாருடைய வீட்டில் கல்லூரி நடந்தது என்பதை அவள் சொன்னபடி சொல்லாமல் விடுவேன். அவள் விஷயத்தில் நான் வாயை மூடிக்கொள்வது இது இரண்டாம் தடவை. இந்தத் தடவை அவள் கேட்டதற்காக.

நேற்று வந்ததிலிருந்து கடப்படியைத் திறந்தே வைத்திருக்கிறேன். ஒழுங்கையில் செருப்புச் சத்தம் கேட்டால் எழும்பிப் போய்ப் பார்க்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் எப்போது வந்தாலும் சொல்வதற்கு ஆயத்தமாக, படிப்பித்த காலத்தில் நாளைய பாடத்தைச் சொல்லிப் பார்ப்பது போல, தனியே சொல்லிப் பார்க்கிறேன்: நல்ல புள்ள. நல்ல புள்ள. அன்று அந்தக் குடைக்காரர் என் வாயிலிருந்து கேட்க வந்தது இந்த இரண்டு சொல்லைத்தான். அது உண்மையாகவும் இருந்தது.